வீட்டுக் கணினியைத் திருத்திக்கொள்ளல்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கிய அளவானே அது நமக்குரியதாகி விடுகின்றது என்பது உலகினர் கொள்கை. ஆயினும் தொழில் செய்வார் அவ்வளவில் அமைதல் இல்லை. உழவன் தான் வாங்கிய மண்வெட்டியின் காம்பைத் தன் கைக்கும் உயரத்திற்கும் ஏற்பச் செதுக்கிக்கொள்கின்றான். மீனவன் கடையில் வாங்கிய வலையைத் தன் கடலுக்கும் தான் தேடும் மீனுக்கும் பொருந்த வெட்டி இணைத்து, மணியும் மிதப்பும் கட்டிய பின்னரே கடலில் இறக்குகின்றான். வாங்கிய பொருள் சொந்தப்பொருளாவது அத்திருத்தத்திற்குப் பின்னரே யாம். இன்று பல வீடுகளிற் காணப்படும் கணினிக்கும் இஃது ஒக்கும் என்பதையும், தமிழ் பயில்வாராகிய எமக்கு அத்திருத்தம் எங்ஙனம் வேண்டப்பட்டதென்பதையும் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம். யாம் பொறியியல் கற்றவரல்லேம். குற்றங்காணின் அத்துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

எம் பாட்டனார் கடற்கரையூர்ப் பள்ளியொன்றில் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் தமிழ்த் தட்டெழுத்துப் பயின்றவராதலின், 2011-ஆம் ஆண்டில் கணினி ஒன்று வாங்கி, தம் ஊரார் வாயில் வழங்கும் மீன், காற்று, வலை, மரம் ஆகியவற்றின் பெயர்களை அதிற் பொருளோடு தொகுத்து வந்தார். வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு மட்டும் எத்தனை பெயர் உள என்று அவர் விரல்மடக்கிக் கூறியது எம் நினைவில் உள்ளது. அவர் மறைந்தபின் கணினி துணி போர்த்தப்பட்டு மூலையிற் கிடந்தது. நெய்தனிலச் சொற்களைப் பற்றி யாம் கட்டுரை எழுதவேண்டி வந்தபொழுதே அதனை நாடினோம். விசையை அழுத்தினோம், திரையில் நாளும் நேரமும் பல்லாண்டு பின்னோக்கி நின்றன, உள்ளிருந்து சுவர்ப்பல்லி சொல்வது போன்ற ஒலி இடைவிடாது கேட்டது. அரைமணி நேரம் காத்தும் பயனில்லை. அறியாமையால் அணைத்தும் எரித்தும் நான்கு முறை முயன்றோம். விடுதியில் எம் அறையிலிருக்கும் இயற்பியல் மாணவர், அவ்வொலி வன்தட்டு பழுதுபட்டதன் அறிகுறி யென்றும், எரிக்குந்தோறும் கேடு மிகுமென்றும் கூறித் தடுத்தார். அத்தொகுப்பிற்கு வேறு படி எங்கும் இல்லை. எமக்கு உண்டான நடுக்கத்தைச் சொல்லுதல் அரிது.

கணினியைத் திறந்து பார்க்க வேண்டுமென்றார் அவர். அதனைத் திறத்தல் தகுமோ என்று வீட்டார் ஐயுற்றனர், யாமும் ஐயுற்றோம். பின்னர் நூல்களிற் கற்றபொழுது, வீட்டுக் கணினி தோன்றியதே திறந்து வைத்த பெட்டியாகத்தான் என்பதை அறிந்து வியந்தோம். அமெரிக்க நாட்டில் 1975-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு மின்னணுவியல் இதழின் முகப்பிற் காட்டப்பட்ட ஆல்டேர் 8800 என்பது, வாங்குவோர் தாமே பற்றவைத்துக் கோத்துக்கொள்ளும்படி உறுப்புக்களாகவே விற்கப்பட்டது. விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. அதன் நினைவகம் 256 பைட்டு. இக்காலத்து முறையில் தமிழெழுத்தை அதிற் பொதிவோமாயின் குறட்பா ஒன்றிரண்டிற்கு மேல் அடங்கா. ஆயினும் அதனை வாங்கினோர் வாளாவிருந்திலர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கு என்னும் ஊரில் ஒருவர் வீட்டு வண்டிக்கொட்டகையிற் கூடி, தாம் செய்த மாற்றங்களை ஒருவர்க்கொருவர் காட்டலாயினர்.

அக்கூட்டத்திற்கு வந்த வாசுனியாக்கு என்பார் ஆக்கிய ஆப்பிள் 2, 1977-இல் வெளிவந்தது. அதன் மூடியைத் திருப்புளியின்றிக் கையாற் றூக்கலாம். உள்ளே புதிய அட்டைகளைச் செருக எட்டுத் துளைவரிசைகள் இருந்தன. இரண்டே போதுமென்றார் அவர்தம் கூட்டாளி ஜாப்சு. எட்டு இல்லையேல் இயலாதென்று வாசுனியாக்கு நின்றார். ஏழாண்டு கழித்து 1984-இல் அந்நிறுவனத்தாரே வெளியிட்ட மாக்கின்டாசில் அத்தகைய துளைவரிசை ஒன்றேனும் இல்லை. பெட்டியைத் திறத்தற்கு எளிதிற் கிடையாத நீண்ட நட்சத்திரமுனைத் திருப்புளி வேண்டும். அதனை ஆக்கியோர் கையெழுத்துக்கள் பெட்டியின் உட்புறத்தே அச்சாக வார்க்கப்பட்டிருந்தன. வாங்கியவர் காணவொண்ணாத இடத்தில் ஆசிரியர் பெயர் பொறித்த நூல் வேறெங்கேனும் உண்டோ என்பது தெரியவில்லை! திறப்பதும் மூடுவதுமாகிய இவ்விருவகை எண்ணமும் இன்றும் இயந்திரங்களில் நின்று போராடுகின்றன. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. பின்னர்க் கூட்டவோ மாற்றவோ இயலாது. வாங்குவோர் நிறத்தையும் எடையையும் வினவுமுன் இதனை வினவுவாராயின் நன்று.

நிற்க. பாட்டனார் கணினி மேசைமீது நிற்கும் பழைய வகையினதாதலின் திறத்தற்கு எளிதாயிற்று. ஆயினும் திறக்குமுன் செய்யவேண்டியது ஒன்றிருந்தது. அது சொற்றொகுப்பைக் காப்பது. அதற்கு லினக்சு துணைசெய்தது. இவ்வியங்குதளம் பிறந்த வரலாறும் எம் பொருளுக்கு இயைந்ததே. 1991-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய இலினசு தோர்வால்ட்சு தமக்கெனப் புதுக்கணினி ஒன்று வாங்கினார். வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள அவர் விரும்பினார்; கிடைத்த நிரல் அவர்க்கு நிறைவளிக்கவில்லை; தாமே ஒன்று எழுதினார்; அது கிளைத்துக் கிளைத்து ஓர் இயங்குதளமாகவே வளர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் அதனைப் பிறர்க்கு அறிவித்தபொழுது அவர்க்கு வயது இருபத்தொன்று. எம்மினும் இரண்டே மூத்தவர்! மறுவாண்டு, யாவரும் நகலெடுக்கவும் திருத்தவும் உரிமை தரும் உரிமத்தின்கீழ் அஃது அமைந்தது.

லினக்சை விரலளவிற்றாய பென்டிரைவ் ஒன்றிலேயே வைத்து, கணினியின் வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே இயக்கலாம். அங்ஙனம் இயக்கி, வன்தட்டைப் படிக்க மட்டும் செய்து, மூன்றாம் முறையில் பாட்டனாரின் கோப்பை எடுத்தோம். அவர் சேர்த்து வைத்திருந்த குடும்பப் படங்களுட் பாதிக்குமேல் கிடைத்தில. எம் பெற்றோர் மணவிழாப் படங்களும் அவற்றோடு போயின. படியெடுத்து வையாத பொருள் இல்லாத பொருளே என்று நண்பர் கூறியதை அன்னையார்க்கு யாம் சொல்லவில்லை.

அதன்பின் மின்னிணைப்பை அகற்றி, உடலிலுள்ள நிலைமின்னேற்றம் உறுப்புக்களைக் கெடாதிருக்கப் பெட்டியின் இரும்பைத் தொட்டு, மூடியைக் கழற்றினோம். விசிறியில் துகள் பஞ்சு போல் அடைந்திருந்தது. துணியும் தூரிகையும் கொண்டு துடைத்தோம். நாள் பின்னோக்கி நின்றதற்குக் காரணம் பலகையிலிருந்த பொத்தானளவு மின்கலம் தீர்ந்தமையே. ஒரு சிறு செலவில் அது நேராயிற்று. ரேம் எனப்படும் நினைவகத் தகடு 2 ஜிபி அளவினது ஒன்று இருந்தது. வெற்றிடம் ஒன்று பக்கத்தே காத்திருந்தது. அவ்வகைத் தகடே வேண்டும். டிடிஆர்3 வகைக்குரிய இடத்தில் அதன் பின்வந்த டிடிஆர்4 வகை பொருந்தாது. வெட்டுவாய் இடம்மாறி யிருத்தலின் தவறாகச் செருக வழியில்லை. பழம்பொருட்கடையில் 4 ஜிபி தகடொன்று வாங்கிச் செருகினோம். வன்தட்டிற்கு மாற்றாக எஸ்எஸ்டி யொன்று வைத்தோம். முன்னையது நிமிடத்திற்குப் பல்லாயிரஞ் சுற்றுச் சுழலும் தட்டின்மேல் ஊசி ஓடித் தேடுவது. பின்னையதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. எம் அனுபவத்தில், பழங்கணினிக்குச் செய்யும் திருத்தங்களுள் இதனை யொப்பது வேறில்லை. முன்னிருந்த விண்டோசு 7-க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14-ஆம் நாளோடு நின்றுவிட்டமையால், புதிய எஸ்எஸ்டியில் லினக்சையே நிலையாக நிறுவினோம்.

இனி விசைப்பலகை. இதுவே தமிழ் மாணாக்கர்க்கு மிக்க சுவை தருவது. அம்மா என்று எழுத ஆங்கில எழுத்துக்களை ஒலிவழி அழுத்துவதே எம் தோழர் பலர்க்கும் வழக்கம். யாம் 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பிற்கு மாறினோம். அதில் உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்யெழுத்துக்களிற் பெரும்பாலன வலக்கையிலும் அமைந்துள்ளன. க, ப, ம, த, ந என்பன வலக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் வரிசையிலேயே உள்ளன. வியப்பு அஃதன்று. ஒரே மெய்யின் விசையை இருமுறை அழுத்தின் முன்னதற்குப் புள்ளி தானே ஏறிவிடும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லெழுத்து வரினும் அங்ஙனமே. ஆகவே அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே அழுத்தம் போதும்; தென்றல் என்பதற்குப் புள்ளி இரண்டாயினும் ஈற்றிலுள்ள லகரத்திற்கு மட்டுமே புள்ளிவிசையைத் தொடவேண்டும்.

இஃது எதனால் இயல்கின்றது? தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துக் கூறும் மெய்ம்மயக்கமே காரணம். எம்மெய் எம்மெய்யோடு நின்று மயங்கும் என்பது தமிழில் வரையறுக்கப்பட்டது. ரகர ழகரங்கள் ஒழிந்த மெய்கள் தம்முன் தாம் மயங்குவன. மெல்லெழுத்து தன் இன வல்லெழுத்தோடு மயங்குவது பெருவழக்கு. அகரம் ஏறிய ஒரே மெய் அடுத்தடுத்து வருதல் மமதை, ககனம் போன்ற வடசொற்களிலே பெரும்பாலும் காணப்படுவது. அங்கே இடையில் அகரவிசையை ஒருமுறை அழுத்தினாற் போதும். நூன்மரபு பாடங் கேட்டபொழுது உறக்கம் தாங்காதிருந்த எமக்கு, அது விரல்நுனியில் வந்து வேலைசெய்யக் கண்டபின் வகுப்பில் விழிப்பு உண்டாயிற்று. தட்டெழுத்திற் பழகிய கையினர்க்கு இவ்வமைப்பு முதலில் இடர்ப்பாடே. பாட்டனார் இருந்திருப்பின் மாறியிரார்.

எழுதும் மென்பொருளாகிய லிபரெஆபீசில், தானே திருத்தும் பட்டியல் ஒன்றுண்டு. அதில் நச். என்று எழுதினால் நச்சினார்க்கினியர் என்று விரியும்படி அமைத்துக்கொண்டோம். உரையாசிரியர் பெயர்கள் நீளமாயிருப்பது தேர்வுக்காலத்தில் எத்துணைத் துன்பம் என்பதை உடன்மாணவர் அறிவர்.

பாட்டனாரின் கோப்பைத் திறந்தபொழுது தமிழ் ஒன்றேனும் இல்லை; ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றி நிரம்பிக் கிடந்தன. கோப்பு அழிந்ததோ என்று அஞ்சினோம், அழியவில்லை. கணினி எழுத்தை எழுத்தாக வையாது எண்ணாக வைக்கும். இக்காலத்து யூனிக்கோடு முறையில் தமிழுக்கெனத் தனியே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன; தகரத்தின் எண் 2980. பாட்டனார் பயன்படுத்திய பாமினி எழுத்துருவோ, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தது. அதில் தகரத்தின் எண் 106. அஃது ஆங்கில ஜே எழுத்தின் எண்ணாம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தோன்றும். எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தமிழாகும். ஆயினும் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ இயலாது. ஆகலின் எண்ணுக்கு எண் மாற்றித் தரும் சிறு நிரலொன்றை நண்பர் துணையோடு எழுதினோம்.

மாற்றத்தில் ஓர் இடர் நேர்ந்தது. தட்டெழுத்து மரபில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குத் தனிவடிவம் இல்லை, ளகரத்தையே இடுவர். எனவே கௌ என்பதும் கெள என்பதும் பழங்கோப்பில் ஒன்றே. எம் நிரல் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என மூன்றையும் ஒருங்கு கண்டவிடத்தெல்லாம் கௌ என்று எழுதிவிட்டது. கெளுத்தி தப்பிற்று, ளு அவ்வெழுத்துருவில் தனிவடிவம். அதன் இனமாகிய கெளிறு அகப்பட்டுக்கொண்டது. இதனை யாம் கண்டறிந்திலேம். விடுமுறையில் வீடு சென்று, திரையிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பாட்டியார்க்குப் படித்துக் காட்டி வந்தபொழுது, கௌ என்று தொடங்கி மேற்செல்ல மாட்டாது தடுமாறினோம். பாட்டியார் நகைத்து, "அப்படி ஒரு மீன் கிடையாது மக்கா, கெளிறுன்னு வாசி" என்றார். அன்றிரவே, ளகரத்தை அடுத்து உயிர்க்குறி வரின் அதனை ளகரமாகவே கொள்க என்னும் விதியை நிரலிற் சேர்த்தோம். மேலும் நான்கு சொற்கள் அதனால் நேராயின.

பாட்டியார் தாமும் காணும்படி எழுத்தைப் பெரிதாக்கி, கண் கூசாதிருக்கத் திரையின் வெண்மையைக் கருமையாக்கினோம். பாட்டனார் தொகுத்தவை 612 சொற்கள். பாட்டியார் அருகமர்ந்து சொல்லச் சொல்ல, யாம் தமிழ்99-இல் எழுதிச் சேர்த்தவை இருபத்தெட்டு. அவற்றுட் பல, கரையிலிருந்து மீன் காயவைக்கும் பெண்டிரிடையே மட்டும் வழங்குவன. பாட்டனார் பொருளைப் பிழைபட எழுதிவிட்டார் என்று அவர் காட்டிய இடங்கள் ஏழு. அவற்றை அழியாமல் விட்டு, பக்கத்தே பாட்டியார் கூற்று என்று ஒரு நிரையை வகுத்து அதில் எழுதி வைத்துள்ளோம்.