தீயில் வெந்த குழந்தை

கேள்வி: மரிஸ்ஸா மேயரின் ‘ஃபேரஸ்ட்’ நாவல், நிலவை ஆளும் கொடிய ராணி லெவானாவின் இளமைக் கதையைச் சொல்லி, அவள் செய்த குற்றங்களை நியாயப்படுத்துகிறதா?

பதில்: இல்லை. 2015-இல் வந்த அந்த நாவல் நம்மை லெவானாவின் மனத்துக்குள்ளேயே உட்கார வைக்கிறது. அக்கா சானரி மனவசியத்தால் அவளை நெருப்புக்குள் போகச் செய்கிறாள். வெந்த முகத்தை அவள் காலமெல்லாம் மாயத்தோற்றத்தால் மறைக்கிறாள். படிக்கையில் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அதே லெவானாதான், மனைவியை இழந்த காவலன் எவ்ரெட்டை, இறந்தவளின் உருவத்தையே பூண்டு வசப்படுத்துகிறாள். அவள் காதல் என்று நம்புவது அவனுக்குச் சிறை என்பது அவள் பார்வையிலேயே சொல்லப்படும் கதையில்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு, அக்காளின் மூன்று வயது மகள் இருக்கும் அறைக்குத் தீ வைக்கச் சொல்கிறாள். தீயின் வலி தெரிந்தவள் அவள்!

இளம் வாசகர்கள் இரக்கத்தில் மயங்கி மன்னித்துவிடுவார்களே என்று கேட்கலாம். ‘ஃபேரஸ்ட்’ இடம்பெறும் தொடரின் இறுதி நாவலான ‘வின்டர்’ அதற்கு இடம் தரவில்லை. எவ்ரெட்டின் மகளும், சித்தி லெவானாவால் முகத்தில் தழும்பு பெற்றவளுமான வின்டரிடமும் அந்த வசியசக்தி உண்டு. பித்துப் பிடித்தாலும் பிறர்மேல் அதைப் பயன்படுத்த அவள் பல ஆண்டுகளாக மறுத்துவந்தவள்.