தோட்ட வேலையாளருக்கு அளிக்கவேண்டிய பயிற்சி: கிணற்று நீரைக் காத்தல்

முந்திரிகைத் தோட்டம் வைத்திருக்கும் கமக்காரர், கொடியைக் கத்தரிக்கும் காலத்தையும் பங்கசுநாசினியின் அளவையும் நன்கு அறிவார். ஆனால் மருந்தைக் கரைப்பவரும், தெளிப்பவரும், கருவியைக் கழுவுபவரும் பெரும்பாலும் கூலிக்கு வரும் வேலையாளரே. ஆதலின் கிணற்று நீரின் தூய்மை அவர் கையிலேயே தங்கியுள்ளது. வெங்காயம், மிளகாய், மரக்கறி செய்வோருக்கும் இது பொருந்தும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியிலேயே ஓடுகின்றது. பெய்யும் மழை ஆழமில்லாத செம்மண்ணைக் கடந்து, சுண்ணக்கல்லின் வெடிப்புகளுட் புகுந்து தேங்குகின்றது. இறைப்புக்கும் குடிப்பதற்கும் அந்நீரே உதவுகின்றது. இவ்வெடிப்புகள் நீரை வடிகட்டமாட்டா. உங்கள் தோட்டத்தில் ஊற்றிய கழிவு அயலவர் கிணற்றிலும் சேரலாம்.

“கிணற்றடியில் மருந்து கரைக்கவேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போவது பயிற்சியாகாது. காரணம் தெரியாதவர், நீங்கள் அப்பாற் சென்றதும் தமக்கு இலகுவான இடத்திலேயே கரைப்பார். அவருக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 1 கிலோகிராம் யூரியாவில் 460 கிராம் நைதரசன் உண்டு. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ 2 கிலோகிராம் ஆகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே அந்த ஒரு கிலோகிராம், நைத்திரேற்றே இல்லாத 40,000 லீற்றர் நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. கிழிந்த பையிலிருந்து கிணற்றடியிற் சிந்துவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. இக்கணக்கைக் கேட்டவர் பொருட்படுத்துவார்.

பசளையிடுவதற்கு அளவு குறித்த பேணி ஒன்றைக் கொடுங்கள். வேலையாளர் நல்லெண்ணத்தினாலேயே ஒரு பிடி கூட்டிப் போடுவதுண்டு. பயிர் உறிஞ்சாது விட்டதை அடுத்த பெருமழை கீழே கொண்டுபோய்விடும். பசளையைப் பிரித்துப் பிரித்து இடவேண்டியதும், மழைக்கு முன் இடலாகாததும் இதனாலேயே.

மருந்து தெளிக்கும் பயிற்சியை வெறுந்தண்ணீரைக் கொண்டு தொடங்குங்கள். கலக்கும் இடம் கிணற்றிலிருந்து நன்கு தள்ளி, கிணற்றுப் பக்கம் சரியாத நிலமாக இருத்தல் வேண்டும். நீரைப் பீப்பாவில் அங்கே கொண்டுசெல்லல் வேண்டும். மருந்து வாளி கிணற்றுக்குள் ஒருபோதும் இறங்கலாகாது. குழாயின் நுனி தெளிகருவியின் கலத்தினுள் அமிழ்ந்திருக்கவும் விடலாகாது. இயந்திரம் நின்றதும் மருந்து நீர் பின்னோக்கி இழுபட்டுக் கிணற்றிற் சேரக்கூடும்.

வெறுமையான போத்தலைக் கலக்கும்போதே கழுவவேண்டும். காற்பங்கு நீர் விட்டு, மூடிக் குலுக்கி, கலத்தினுள் ஊற்றுதல். இவ்வாறு மூன்று முறை. பின்னர் அதைத் துளையிடவேண்டும். துளையிடாத போத்தல் எப்படியோ வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ பயன்பட்டுவிடுகின்றது. கருவியைக் கழுவிய நீரை மருந்து தெளித்த பயிருக்கே மெல்லியதாகத் தெளித்துவிடுவது நன்று. முந்திரிகைக்குப் போர்டோக் கலவை தெளிப்போர் ஆண்டுதோறும் ஒரே மூலையிற் கழுவினால், மயில்துத்தத்திலுள்ள செம்பு அம்மண்ணிலேயே தங்கிப் பெருகும். வன்னியில் நெல் செய்வோர் வாய்க்காலிற் கருவி கழுவும் வழக்கத்தையும் விடவேண்டும். அந்நீர் அடுத்த வயலுக்கும் குளத்து மீனுக்கும் போகின்றது.

இங்கு கமக்காரரின் பொறுப்பும் ஒன்றுண்டு. ஒரு கலத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், கழுவும் நேரம் வேலையாளருக்கு நட்டமாகின்றது. அவர் விரைவார், விரைந்தால் எஞ்சியதைக் கண்ட இடத்தில் ஊற்றுவார். கழுவும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். அவர் உடல் கழுவச் சவர்க்காரமும், கிணற்றடியை விட்டுத் தள்ளி ஓரிடமும் கொடுங்கள். கூலியைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

நீரிறைக்கும் இயந்திரத்தின் கீழ் ஒரு தகரத் தட்டை வைத்து, ஒழுகும் எண்ணெயைச் சேர்க்கப் பழக்குங்கள்.

மாரி முடிந்து கிணறு நிறைந்தபின் நீரைச் சோதிப்பிக்கவேண்டும். அதற்கான வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். நைத்திரேற்று மிகுந்த நீர், 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைத் தடுத்து, உடலை நீலநிறமாக்கும். கொதிக்கவைப்பதனால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். சோதனையில் வரம்பு கடந்திருப்பின், குழந்தையின் பால்மாவைக் கரைக்க அக்கிணற்று நீரை எடுக்கவேண்டாமென்று உங்கள் வீட்டாருக்கும் வேலையாளர் வீட்டாருக்கும் அன்றே தெரிவியுங்கள்.