பழைய வீடு வாங்குமுன்: பரிசோதனையில் தெரிவதும் தெரியாததும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பிறர் கட்டிய வீட்டை விலை கொடுத்து வாங்குவோரைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அக்காலத்துக் கிராமங்களில் வீடு கைமாறுவது அபூர்வம். மாறினாலும் பங்காளிகளுக்குள்ளேயே மாறும். எந்த மூலையில் மழை ஒழுகும், எந்தச் சுவரை யார் எழுப்பினார் என்பதெல்லாம் வாங்குபவருக்குச் சிறு வயது முதலே தெரிந்திருக்கும். இன்றோ ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருவோர் நம் கிராமங்களில் வீடு தேடுகின்றனர். நகரங்களில் குடியேறிவிட்ட பிள்ளைகள் பூர்வீக வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்கின்றனர். வாங்குபவர் விற்பவரை முன்பின் அறியார், வீட்டையும் அறியார்.

இவ்வாறு வருவோர் முதலில் நாடுவது பஞ்சாயத்துத் தலைவரையோ வார்டு அங்கத்தினரையோதான். "வீடு நல்ல வீடுதானா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பல லட்ச ரூபாய் கைமாறுகிறது. ஆகவே, வீட்டைப் பார்த்து நாம் என்ன சொல்லலாம், என்ன சொல்லலாகாது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். நான் இதை அறிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகே. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு அருகில் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் அதை வாங்க விரும்பினார். அவருக்கு அண்ணன் வீட்டில் ஒரு தறி, வாடகை இடத்தில் ஒரு தறி. இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர வேண்டும், பின்கட்டை இடித்து நீளமான கூடம் ஒன்று எழுப்பி மகனுக்கும் ஒரு தறி போட வேண்டும் என்பது அவர் எண்ணம். பல ஆண்டுச் சேமிப்போடு மனைவியின் நகையை அடகு வைத்த பணமும் அதில் சேர்ந்திருந்தது. "ஐயா ஒருமுறை வந்து பார்த்தால் மனம் நிம்மதியாகும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பணி மேற்பார்வையாளரை அழைத்துக்கொண்டு சென்றேன். இரண்டு மணி நேரம் பார்த்தோம்.

வீடு புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் புதுச் சிமெண்டுப் பூச்சும் காணப்பட்டது. இப்படி அடிச்சுவரில் மட்டும் புதுப்பூச்சு இருந்தால் காரணம் தேட வேண்டும். மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறுவதை ஓதம் என்கிறோம். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூக்கும், சுண்ணாம்பு உதிரும். அதை மறைக்கச் சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்கு மேலே ஏறி நிற்கும். ஆதலின் பூச்சு முடியும் இடத்துக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது நல்லது. அங்கே குளிர்ச்சி தெரிந்தது.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் வலைபோல் ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் கவலைக்குரியதன்று. ஜன்னல் மூலையில் தொடங்கிச் செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுப்போல் சரிந்தேறும் விரிசலைக் கண்டால் அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். அது எப்போதோ நின்றுபோன பழைய விரிசலா, இன்னும் நகர்கிறதா என்பதே கேள்வி. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வைப்பது பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறியும். ஆனால் அதற்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் காத்திருக்க வேண்டும். விற்பவர் அதுவரை காத்திருப்பாரா? திருமுக்கூடலைச் சுற்றிக் கல்குவாரிகள் இருப்பதால், விரிசலைச் சுட்டினால் "குவாரி வெடி ஐயா" என்று பதில் வந்துவிடுகிறது. சில விரிசல்களுக்கு அது உண்மையான காரணமாயிருக்கலாம். எல்லாவற்றையும் குவாரியின் தலையில் கட்டுவது வசதியான வழக்கமாகிவிட்டது.

கூரை மரங்களை உளி முனையால் குத்திப் பார்த்தோம். நல்ல மரம் உளியை எதிர்க்கும்; உளுத்த மரம் உள்வாங்கும். நான்கு மரங்கள் உள்வாங்கின. சுவரோரம் கறையானின் மண்குழல் ஒன்று ஏறியிருந்தது. மரத்தில் முதலில் கெடும் பகுதி பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையே. ஈரமும் கறையானும் அங்கேதான் பிடிக்கும். நம் கண்ணும் அங்கேதான் எட்டாது. தேக்கு மரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய மெத்தை வீடுகளுக்கும் இது பொருந்தும். கான்கிரீட் தளமாயின் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருந்தால் அடியிலுள்ள கான்கிரீட் பிளந்து நிற்கும், ஓசை பொள்ளலாகக் கேட்கும், துருக்கறையும் தெரியலாம்.

கூடத்தின் நடுவில் தரை சற்றே தாழ்ந்திருந்தது. மேற்பார்வையாளர் அதைக் கடந்து சென்றுவிட்டார். நெசவாளர் குனிந்து தட்டிப் பார்த்து, "இங்கே தறிக்குழி இருந்திருக்கிறது ஐயா, மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் மூடிவிட்டார்கள்" என்றார். அவர் சொன்னதே சரி. வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்தத் தொழில் அறிந்தவரை உடன் அழைத்துச் செல்வதன் பயன் இதுவே.

முடிவில் மேற்பார்வையாளர், "சுவர் நிற்கும்; நான்கு மரம் மாற்ற வேண்டும்; ஓதத்தைக் கவனிக்க வேண்டும்" என்றார். நான் "நல்ல வீடு, வாங்கலாம்" என்றேன். இந்த மூன்று சொற்களே நான் செய்த தவறு.

அக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலசாலை அங்கு நடைபெற்றதைக் கூறும் கல்வெட்டு அதன் சுவரில் இருக்கிறது. அதைப் பற்றி நான் பல கூட்டங்களில் பெருமையோடு பேசியிருக்கிறேன். அக்கோயிலின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அந்த வீடு எத்தனை மீட்டர் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் எழுப்பலாகாது. 1992 ஜூன் 16-க்கு முன்னரே இருந்த கட்டடமாயின், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அதற்கப்பால் 200 மீட்டர் வரை முறைப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டும். வீடு முதல் 100 மீட்டருக்குள் இருந்தது. கிரயம் முடிந்து, பின்கட்டுக்கு வரைபடம் போடும்போதுதான் இது தெரியவந்தது. மகனுக்குரிய கூடம் எழவில்லை. மகன் இப்போது கூலித்தறிக்குப் போகிறார். தந்தையார் என்னை எங்கே கண்டாலும் கைகூப்பி வணங்குகிறார். ஒருநாளும் ஒரு குறையும் கூறியதில்லை.

நிற்க. வீட்டுப் பரிசோதனை என்பது உண்மையில் என்ன? அமெரிக்காவில் இதனை ஒரு தனித் தொழிலாகவே நடத்துகின்றனர். 1976-இல் அங்கே இல்லச் சோதனையாளர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. அச்சங்கத்தின் விதிகளைப் பார்த்தால், சோதனையாளர் கண்ணுக்குப் புலப்படுவதையும் எளிதில் அணுகக்கூடியதையும் மட்டுமே பார்ப்பார் என்பது விளங்கும். சுவரை உடைத்துப் பார்ப்பது அவர் வேலையன்று. பூச்சி அரிப்பு உண்டா, கட்டட விதிகளுக்கு இசைந்துள்ளதா, விலை தகுமா, இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பவற்றைச் சொல்லவும் அவர் கடமைப்பட்டவர் அல்லர். அதையே தொழிலாகக் கொண்டவர்களின் எல்லை இவ்வளவே என்றால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்த்த என்னுடைய எல்லை எவ்வளவு?

காலத்தாலும் ஓர் எல்லை உண்டு. சித்திரையில் பார்த்த வீடு ஐப்பசி வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம் மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியது பலருக்கும் நினைவிருக்கும். வழக்கமாக மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால், வெளியூரார் அதன் கரையில் நின்று வெள்ளத்தை நினைப்பதேயில்லை. அந்த ஆண்டு தண்ணீர் தெருவில் எதுவரை வந்தது என்பதை அண்டை வீட்டாரிடம், விற்பவர் உடன் இல்லாத வேளையில், கேட்க வேண்டும். கிணற்றுக்கு இது நேர்மாறு: தை மாதத்தில் நீர் நிறைந்திருப்பது கொண்டு சித்திரையில் ஊறும் என்று கூற முடியாது.

மலக்குழித் தொட்டியின் உள்நிலையும் வெளியிலிருந்து தெரியாது. அதைப் பார்ப்பதற்கென்று எவரையும் உள்ளே இறக்கலாகாது. நச்சுவாயு ஒரு நொடியில் உயிர் குடிக்கும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமுமாகும். கிணற்றுக்கும் தொட்டிக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளலாம். மின்கம்பிகள் எத்தனை ஆண்டுப் பழையவை, நில இணைப்பு உண்டா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரே சொல்ல வேண்டும்.

இன்னும் ஆழத்தில் இருப்பது அஸ்திவாரம். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று, கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அருகிலிருந்த இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவர்கள் எத்தனை முறை சென்று சுவரைத் தட்டிப் பார்த்திருந்தாலும் மண்ணுக்குள் இருந்ததை அறிந்திருக்க முடியாது. மண் பரிசோதனையும் கட்டமைப்புக் கணக்கும் பொறியாளர்களின் துறை. நமது ஓட்டு வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் ஒருநிலை வீட்டை வாங்கி மேலே மாடி எழுப்ப எண்ணுவோர், அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டிப் பார்க்கவேனும் விற்பவரின் சம்மதம் பெற வேண்டும்.

அடுத்தது பத்திரங்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பஞ்சாயத்து அங்கத்தினர் அனைவரும் அறிவர். சொந்த மனையில் வீடு எடுத்து வாழ்பவராயிருத்தல் அங்கே வாரிய உறுப்பினருக்குரிய தகுதிகளில் ஒன்று. வீடும் மனையும் வேறு வேறு என்பதை நம் முன்னோர் அறிந்தே எழுதினர். சுவர் உறுதியாயிருந்து மனை புறம்போக்காகவோ கோயில் நிலமாகவோ இருந்தால் என்ன பயன்? வில்லங்கச் சான்று வாங்கிவிட்டோம் என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். அச்சான்றும் ஒருவகைப் பரிசோதனையே. அதற்கும் எல்லை உண்டு. தேடிய காலத்துக்குள் பதிவான ஆவணங்களையே அது காட்டும். பதிவாகாத ஒப்பந்தம் அதில் வராது. வாரிசுகளின் பிரிக்கப்படாத பங்கும் வராது. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்குண்டு. கையெழுத்திடாத ஒரு சகோதரி வெளியூரில் இருக்கிறாரா என்பதைச் சான்று சொல்லாது; தெருவிலுள்ள மூதாட்டி சொல்வார்.

சட்டத்தின் நிலையையும் அறிந்துகொள்ளுதல் நலம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை, அது வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததாயின், வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். சாதாரணக் கவனத்தால் கண்டிருக்கக்கூடிய குறையைப் பற்றிப் பின்னர் முறையிடுவது கடினம். கூரையில் தெரிந்த ஓட்டையைப் பார்க்காமல் வாங்கியவர் நியாயம் கேட்கப் போவது எங்ஙனம்? 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தோன்றும் கட்டமைப்புக் குறையைக் கட்டி விற்றவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது புதிய திட்டங்களுக்கு உரியது. தனியார் ஒருவர் மற்றவருக்கு விற்கும் பழைய ஓட்டு வீட்டுக்கு அப்பாதுகாப்பு இல்லை.

திருமுக்கூடல் நிகழ்ச்சிக்குப் பின், எவரேனும் வீடு பார்க்க அழைத்தால் வாய்ச்சொல்லாக எதையும் சொல்வதில்லை என்று மேற்பார்வையாளரும் நானும் முடிவு செய்தோம். ஒரு தாளை இரு பத்தியாகப் பிரித்து எழுதிக் கொடுக்கிறோம். இடப்புறம், இன்ன தேதியில் பார்த்தவை. வலப்புறம், பார்க்க இயலாதவையும் அவற்றுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும்: கிராம நிர்வாக அலுவலர், சார்பதிவாளர், நில அளவர், மின்பணியாளர், தொல்லியல் துறை, அண்டை வீட்டார். முன்பணம் கொடுக்குமுன் வலப்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். சிலர் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, வீடு நன்றாக இருக்கிறதென்று ஓர் இடத்திலும் எழுதவில்லையே" என்று கேட்கின்றனர். எழுதுவதில்லை.