சீக்குக் கோழியை என்ன செய்வது?

பண்ணை நடத்துவோர்க்குக் கோழி நூல்கள் பல உண்டு. நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கும் வீட்டாருக்கு யார் நூல் எழுதினார்? தங்கவயலில், சுரங்கத் தொழிலாளருக்கென்று அன்று கட்டிய லயன் வீடுகளில் நடப்பது இந்தச் சிறு வளர்ப்புத்தான். மாரிக்குப்பமாயினும் சாம்பியன் ரீஃபாயினும் காலையில் கூடையைத் திறந்துவிட்டால், நம் கோழியும் அடுத்த வீட்டுக் கோழியும் ஒரே சாக்கடையோரத்தில் கிளறித் தின்னும். மாலையில் தத்தம் வீடு சேரும். மனிதருக்குத்தான் வீட்டுக்கு வீடு சுவர். கோழிகளுக்குத் தெரு முழுவதும் ஒரே முற்றம். ஆகவே சீக்குக் கோழியைப் பற்றி எடுக்கும் முடிவு ஒரு வீட்டின் முடிவன்று, தெருவின் முடிவு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. கூலி நின்றுபோன வீடுகளில் முட்டைக் காசு அற்பக் காசன்று. வேலைக்குச் செல்வோர் விடியுமுன் பெங்களூர் ரயிலேறிவிட, கோழியைப் பார்ப்பவர் பெரும்பாலும் பாட்டியோ அம்மாவோதான். ஒரு நாள் காலை ஒரு பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கி வழிகிறது. இரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடனே எழும் எண்ணம் என்ன? "சாவதற்கு முன் அறுத்துவிட்டால் குழம்புக்காவது ஆகும்" என்பது. அதற்கடுத்த எண்ணம், "வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்பது.

கல்லூரியில் படிக்கும் நாம் இதைக் கேட்டு நகைக்க வேண்டா. இது ஏழை வீட்டுக் கணக்கு. கணக்கு என்ற அளவில் தவறுமில்லை. ஆனால் அதில் ஒரு செலவு எழுதப்படவில்லை. அறுத்த கோழியின் இறகும் குடலும் கழுவிய நீரும் சாக்கடைக்குப் போகின்றன. மறுநாள் அங்கேதான் தெருக் கோழிகளெல்லாம் மேய்கின்றன. விற்ற கோழியோ சந்தைக் கூடையில் பத்துக் கோழிகளோடு நெருங்கி உட்கார்ந்துவிட்டு, வேறொரு தெருவுக்கு நோயைச் சுமந்து செல்கிறது. ஒரு வீடு மீட்ட பணத்தை ஊரார் திருப்பிக் கட்ட வேண்டியதாகிறது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் வைத்துக் கொண்டுசெல்லும் வழக்கம் 1986 வரை இருந்தது. நச்சுக் காற்று பரவினால் மனிதருக்கு முன் பறவை சோர்ந்து விழும், சுரங்கத்தார் வெளியேறுவர். விழுந்த பறவையை உயிர்ப்பிக்க ஆக்சிஜன் உருளை பொருத்திய கூண்டுகளும் இருந்தன என்பது சுவையான செய்தி. கொல்லையில் தூங்கும் கோழியையும் அவ்வாறே ஒரு தகவலாகக் கொள்ள வேண்டும்.

நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்கலாகாது. முதல் வேலை பிரித்து வைத்தல். சீக்குக் கோழியைத் தனிக் கூடையில், மற்றவை அணுகாத மூலையில் கவிழ்த்து, தனித் தண்ணீரும் தனி இரையும் வைக்க வேண்டும். நல்ல கோழிகளை அன்று வெளியே விடாமல் அடைக்க வேண்டும்; அடுத்த வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். (இதைச் சொல்ல நாணுவோர் பலர். "உங்கள் கோழியால்தான் வந்தது" என்ற பேச்சுக்கு அஞ்சியே நோயை மறைப்பர்.) நல்ல கோழிகளுக்கு இரையிட்ட பிறகே சீக்குக் கோழியிடம் போக வேண்டும், முறை மாறலாகாது. கையைச் சோப்பிட்டுக் கழுவினால் போதாது, செருப்பையும் கழுவுதல் நன்று. எச்சம் செருப்பில் ஒட்டித்தான் ஊர்சுற்றுகிறது.

இனி உற்றுப் பார்க்கலாம். ஒரு கோழி மட்டும் நொண்டுகிறதா, முட்டை அடைத்துக்கொண்டு முக்குகிறதா, இரைப்பை கல்லாய்க் கிடக்கிறதா? இவை அக்கோழியின் துன்பம், தெருவுக்கு அச்சமில்லை. கொண்டையிலும் முகத்திலும் மருப்போலக் கொப்புளம் கண்டால் அம்மை. அதைக் கொசு பரப்பும். வாய்க்குள் புண் இறங்காதவரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சில வார வயதுக் குஞ்சுகள் இரத்தமாய்க் கழிந்தால் அது ஈரத் தரையில் வளரும் ஒட்டுண்ணியின் வேலை. மருத்துவரிடம் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து காலத்தே கொடுத்தால் கேட்கும். இம்மூன்றிலும் காத்திருக்க இடமுண்டு.

காத்திருக்க இடமில்லாதது வெள்ளைக் கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாக நீராய்க் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலும் இறக்கையும் விழுந்துவிடும். இன்று ஒன்று, நாளை இரண்டு, ஒரு வாரத்தில் கூடை காலி. 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கருகிலும் ஜாவாத் தீவிலும் இந்நோயைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டு குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேத்தில் கண்டதால், நம் நாட்டில் இராணிக்கேத் நோய் என்றே பெயர் நிலைத்தது. இது வைரஸ் நோய். கடையில் வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இதைத் தொடாது. வெங்காயமும் மஞ்சளும் அரைத்து ஊட்டும் பாட்டியின் அன்பை மதிக்கிறேன். ஆயினும் ஒவ்வொரு கோழியாய்ப் பிடித்து ஊட்டிய அதே கை, நோயையும் ஒவ்வொன்றாய்க் கொண்டு சேர்க்கிறது.

ஆகவே இவ்வடையாளங்களோடு இரண்டாவது கோழியும் சாய்ந்தால், வைத்தியம் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே நேர்மை என்பது என் கருத்து. மூச்சுக்குத் திணறும் கோழியை நான்கு நாள் கிடத்துவது இரக்கமாகாது. அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி, மருத்துவர் வழிகாட்டியபடி அதன் துன்பத்தை விரைவில் முடிக்கலாம். அப்போதுதான் இறந்த கோழியைப் பையில் இறுகக் கட்டிக் கொண்டுபோனால், அவர் அறுத்துப் பார்த்து இரைப்பையில் இரத்தப் புள்ளி உண்டா என்று காண்பார். மற்றவற்றை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும், நாய் தோண்டலாகாது. பூமியை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே குடைந்த ஊரில், ஒரு கோழிக்குழி வெட்ட ஆளில்லை என்று சொல்ல முடியுமா?

நோய்க்குறி முற்றுமுன்பே பல கோழிகள் ஒரே நாளில் திடீரென மடிந்தாலோ, தலை வீங்கிக் கொண்டை நீலம் பாய்ந்தாலோ, கையால் தொடவே கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்; அது மனிதரையும் பற்றும். 2006-இல் மகாராட்டிரத்து நவாப்பூரில் நம் நாட்டில் முதன்முதல் கண்டது. 2012-இல் பெங்களூருக்கருகே எசரகட்டாவிலும், 2025-இல் நம் அண்டை மாவட்டமான சிக்கபள்ளாப்பூரிலும் வந்தது. 2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி, இந்நோயையும் வெள்ளைக் கழிச்சலையும் ஐயுற்றால் தெரிவிப்பது வளர்ப்பவர் கடமை. இன்னொன்றும் அறிக: பறவைக் காய்ச்சலைத் தடுக்க அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்னரே செத்த கோழிக்கு இல்லை. மறைத்தவர் இரு வகையிலும் இழப்பார்.

இத்தனையும் தடுப்பூசி போடாதபோது வரும் தொல்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் கடந்தபின் இறக்கைத் தோலின் கீழ் ஓர் ஊசி. 1932-இல் தோன்றிய இராணிப்பேட்டை நிலையமும் பெங்களூர் எப்பாள் நிலையமும் கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளைச் செய்கின்றன. பின் ஏன் லயன்களில் போடுவதில்லை? ஒரு குப்பி நூறு கோழிக்கு. ஒரு வீட்டில் இருப்பதோ ஐந்து. கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவரை குளிரில் வைக்க வேண்டும். ஒரு வீட்டால் ஆகாதது இருபது வீட்டால் ஆகும். தமிழ்நாட்டில் கோடைக்கு முன், பிப்ரவரி மாதத்தில், ஊர் ஊராக முகாம் நடத்துகிறார்கள். தங்கவயல் மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டு, ஐஸ் போட்ட தெர்மாஸ் குடுவை ஒன்றையும், தெருவில் வீட்டுக்கு எத்தனை கோழி என்ற கணக்கையும் ஆயத்தமாய் வைத்துக்கொள்ளலாம். அடைந்திருக்கும் கோழியைப் பிடிப்பது எளிது; ஆதலால் மருத்துவர் இசைந்தால், பொழுது சாய்ந்தபின் அல்லது காலையில் கூடை திறக்குமுன் வரச் சொல்லுங்கள். சோர்ந்திருக்கும் கோழிக்கு மட்டும் ஊசி போட வேண்டா.