ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்கு: கணினிகளில் இயக்க அமைப்பை நகலெடுத்துப் பதிதல்

ஆலங்குடிப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் 12 பழைய கணினிகளைத் தந்தனர். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் ஒழியாத நேரங்களில் மாணவர்கள் இவற்றில் பயில்கிறார்கள். சில மாதங்களிலேயே ஒன்றில் தமிழ் எழுத்துரு இல்லை, மற்றொன்றில் ஸ்கிராட்ச் திறக்கவில்லை என்ற நிலை வந்தது. ஒரு கணினியில் உபுண்டுவை முறையாக நிறுவி, அதன் நகலை மற்ற 11 கணினிகளிலும் பதிய முடிவு செய்தேன்.

வன்தட்டில் உள்ள இயக்க அமைப்பு, செயலிகள், அமைப்புகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக எடுப்பதே ‘இமேஜ்’. வினாத்தாளை ஒருமுறை தட்டச்சு செய்து நகலெடுப்பது போன்றது இது. மூலத்தில் பிழை இருந்தால் எல்லா நகல்களிலும் அதே பிழை இருக்கும். நான் பயன்படுத்தியது, தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்ஜில்லா என்னும் கட்டற்ற மென்பொருள்.

ஒரு சனிக்கிழமை 11 கணினிகளிலும் ஒரே மூச்சில் பதிந்தேன். மாலையில் பார்த்தால் நான்கு இயங்கவில்லை. திங்கள்கிழமை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சார், என் பலாப்பழ விளையாட்டைக் காணோம்” என்றாள். மரத்திலிருந்து விழும் பலாப்பழத்தைப் பூனை பிடிப்பதுபோல ஸ்கிராட்சில் அவள் செய்திருந்த விளையாட்டு அது. இமேஜைப் பதிந்தால் வன்தட்டில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தவறிவிட்டேன்.

இயங்காத கணினிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, இமேஜில் குறை இல்லை, கணினிகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளே காரணம் என்று புரிந்தது.

கணினி தொடங்கவில்லை: மூலக் கணினி யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்குகிறது, பதிந்த கணினியோ பழைய லெகசி முறையில் இருக்கிறது. பயாஸ் அமைப்பில் இரண்டையும் ஒரே முறைக்கு மாற்ற வேண்டும். லெகசி மட்டுமே உள்ள கணினிகளுக்குத் தனி இமேஜ் தேவை.

வன்தட்டு போதவில்லை என்ற செய்தி: மூல வன்தட்டு 500 ஜி.பி., பதியவேண்டியது 320 ஜி.பி. என்றால், உள்ளே 20 ஜி.பி. தகவலே இருந்தாலும் குளோன்ஜில்லா வழக்கமான முறையில் ஏற்காது. எனவே, இருப்பதிலேயே சிறிய வன்தட்டு உள்ள கணினியை மூலமாகக் கொள்ளுங்கள்.

வன்தட்டே தெரியவில்லை: பயாஸில் சேமிப்பக அமைப்பு ‘ரெய்டு’ என்று இருக்கலாம். அதை ‘ஏ.எச்.சி.ஐ.’ என மாற்றிப் பாருங்கள்.

இணைய இணைப்பு வந்து வந்து போகிறது: மூலக் கணினியில் ஐ.பி. முகவரியை நிலையாகக் கொடுத்திருந்தால், 12 கணினிகளுக்கும் அதே முகவரி போய்விடும். இமேஜ் எடுக்கும் முன்பே அதைத் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள். பதிந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் கொடுங்கள்.

இணையதளங்கள் திறக்க மறுக்கின்றன: கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் மின்கலம் தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது எனக் கணினி சொல்லும். பல கணினிகளில் அந்த மின்கலம் சி.ஆர். 2032 வகை.

விண்டோஸ் என்றால் கூடுதல் கவனம் தேவை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்தி, கணினியை முழுமையாக அணைத்த பிறகே இமேஜ் எடுக்க வேண்டும். உரிமமும் அதற்கு இடம்தர வேண்டும்.

நேரக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லலாம். 20 ஜி.பி. இமேஜை நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஸ்விட்ச் வழியாக அனுப்ப எவ்வளவு நேரமாகும்? ஒரு பைட்டுக்கு 8 பிட். 20 ஜி.பி. என்பது 1,60,000 மெகாபிட். 100ஆல் வகுத்தால் 1,600 நொடி, ஏறத்தாழ 27 நிமிடம். 1,000 மெகாபிட் ஸ்விட்ச் என்றால் 3 நிமிடத்துக்கும் குறைவு. வன்தட்டின் வேகத்தால் நடைமுறையில் சற்றுக் கூடும். இடையில் மின்சாரம் போனால் அந்தக் கணினிக்கு முதலிலிருந்து பதியவேண்டும் என்பதால் யு.பி.எஸ். அவசியம்.

இப்போது நான் பின்பற்றும் வரிசை இதுதான். தலைமையாசிரியரிடம் அனுமதி பெறுவேன். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள அரசுக் கணினிகளில் கை வைப்பதில்லை. கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துத் திறந்து பார்ப்பேன். முதலில் ஒரே ஒரு கணினியில் பதிந்து, ஒரு பாடவேளை மாணவர்களைப் பயன்படுத்தச் சொல்வேன். அதில் குறை இல்லையென்றால்தான் மற்றவை.

அந்த மாணவி தன் விளையாட்டை மூன்று நாளில் மீண்டும் செய்து முடித்தாள். இமேஜ் பதியும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இப்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்: “உங்கள் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.”