கரகரக்கும் கிட்டார்

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரில் வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருகிறது. பிக்கப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: பர்ஸைத் திறக்காதீர்கள். பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். அது பழுதானால் பெரும்பாலும் ஒலி மெலியும், அல்லது நின்றேபோகும். திருகும்போது மட்டும் கரகரக்கிறது என்பதால் குற்றவாளி வால்யூம் பாட், அதாவது குமிழுக்கு அடியிலுள்ள மாறுமின்தடை. உள்ளே இருக்கும் கரிப்பூச்சுத் தடத்தில் அழுக்கு படிந்தால், அதன்மேல் நகரும் மெல்லிய தகடு விட்டுவிட்டுத்தான் தொடும். பாட்டின் கால்களுக்கு மேலுள்ள இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாகப் பீய்ச்சி, குமிழைப் பலமுறை முழுக்கத் திருப்புங்கள். எண்ணெய் விடுவது வேண்டாம். அது தூசியைச் சேர்த்துவைக்கும். சுத்தம் செய்தும் கரகரப்பு திரும்புகிறதே என்பவர்கள் உண்டு. தடம் தேய்ந்திருந்தால் அப்படித்தான். அப்போதும் மாற்ற வேண்டியது பாட்டைத்தான். அதற்கும் முன்னால், இன்னொரு கிட்டாரை அதே ஆம்ப்பில் செருகித் திருகிப் பாருங்கள். அதுவும் கரகரத்தால், ஆம்ப்பின் உள்ளீட்டு வழியாக டிசி மின்சாரம் கசியலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.