ஸ்டேஷன் வாசலை மிதிக்காமலும் புகார் கொடுக்கலாம்



சாதிப் பேரைச் சொல்லித் திட்டினாங்க, பொதுக்குழாயில் குடம் வைக்க விடல, கடையில் சாமான் தரக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க. குழுக் கூட்டங்களில் இதெல்லாம் நம் காதில் விழுகிறது. "புகார் கொடுத்தீங்களா?" என்று கேட்டால், "ஸ்டேஷனுக்குப் போனா அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஸ்டேஷன் ஒன்றே வழி என்று விட்டுவிட வேண்டாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. தலித், பழங்குடி மக்கள் மீதான கொடுமைகளுக்காக 14566 என்ற இலவச உதவி எண் 2021 முதல் இருக்கிறது. பேசிவிட்டுப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வழி, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள். பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் வருகிற கூட்டத்தில் நாமும் ஒருவர், ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது! வன்கொடுமை வழக்குகளைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவுக்குத் தலைவரே கலெக்டர்தான். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்திருந்தால், 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ஸ்பீடு போஸ்ட் ரசீது பத்திரம்.

மனு எழுதுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "தரக்குறைவாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் சாதாரண வாய்த்தகராறு ஆகிவிடும். சொன்ன வார்த்தையை, சாதிப் பேரோடு அப்படியே எழுதணும். கூச்சம் பேசினவருக்கு இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதும் வேண்டும். நாலு பேர் பார்க்க நடந்ததா என்பது திட்டிய வழக்குகளில் முக்கியம். எழுதத் தெரியாதவருக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ எழுதித் தரலாம். வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்கணும். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

மனு எங்கே போனாலும் விசாரணை போலீஸ் கையில்தான். ஆனால் இந்தச் சட்டத்தில் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும். முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சட்டத்தில் திருத்தம் வந்தது. "விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்றால் இதைச் சொல்லுங்கள்.

இதற்குள் "ஊரிலேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று பேப்பரை நீட்டுவார்கள். குழுவில் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. அடி, உயிருக்கு ஆபத்து என்றால் மனுவெல்லாம் பிறகு, முதலில் 112.